ஒரு ரூபாய் அடைப்புக்கு ஏழாயிரம் ரூபாய் பில்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவை சிங்காநல்லூர் வட்டாரத்தில் உள்ள நமது சங்க ஆபீசுக்கு ஒரு சகோதரி வந்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்பவர். மூன்று ஷிப்டிலும் மாறி மாறிப் போகிறவர். பி.எப். பாக்கி, சம்பளப் பிடித்தம் என்று ஏதாவது விவகாரமாக இருக்கும் என்று நினைத்தோம். அவர் நீட்டிய காகிதம் மில் நிர்வாகத்தின் நோட்டீஸ் அல்ல. ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்!

"மெஷின்ல தண்ணி வெளிய போகமாட்டேங்குதுங்க தோழர். துணியெல்லாம் உள்ளயே ஊறிட்டுக் கெடக்குது. வந்த தம்பி, போர்டு போயிருச்சு, ஏழாயிரத்து இருநூறு ஆகும்னு எழுதிக் குடுத்துட்டாருங்க. அதுக்குப் பேசாம எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்கங்கன்னும் சொல்றாருங்க."

சகோதரி அந்த மெஷினைப் புதிதாக வாங்கவில்லை. யாரோ எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் போனதை, தீபாவளி போனசில் ஒன்பதாயிரம் கொடுத்து எடுத்தார். ஒன்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கு ஏழாயிரத்து இருநூறு ரிப்பேர்! வீட்டுப்படி ஏறி இறங்கியதற்கு 450 ரூபாய் தனி!

ஆபீசில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தினார். முப்பது வருஷத்துக்கு மேல் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"ஏங்கண்ணு, தண்ணி போகவேண்டிய நேரத்துல மெஷின் ஏதாச்சும் சத்தம் போடுதா?"

"உர்ர்னு ஒரு முனகல் கேக்குதுங்கய்யா."

"மோட்டார் முனகுதுன்னா கரண்டு வருதுன்னு அர்த்தம். கரண்டு அனுப்பற போர்டு எப்படிச் செத்திருக்கும்? வா, பாக்கலாம்."

அன்று மத்தியானமே பார்த்தார்கள். மெஷினின் முன்பக்கம், அடியில் மூலையில் ஒரு சின்ன மூடி. அதற்குள் திருகி எடுக்கிற ஒரு பில்டர். அப்படி ஒன்று இருக்கிறது என்று கடைக்காரனும் சொல்லவில்லை, வந்த சர்வீஸ் ஆளும் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே தாம்பாளத்தை வைத்து, பில்டரை மெல்லத் திருகினார்கள். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. பிறகு கை நிறைய ஈரப் பஞ்சு. பஞ்சுக்குள் ஓர் ஊக்கு. ஊக்குக்குப் பின்னால், பம்ப்பின் விசிறியைச் சுற்றவிடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது ஒரு ரூபாய் நாணயம்.

எடுத்தார்கள். கழுவினார்கள். மாட்டினார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. செலவு, பூஜ்யம். போதாததற்கு ஒரு ரூபாய் வரவு!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமா? இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

"தொழிலாளிக்கு எதற்கு வாஷிங் மெஷின்?"

தொழிலாளர் பத்திரிகையில் வாஷிங் மெஷின் ரிப்பேரா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது வசதி படைத்தவர்களின் பிரச்னை என்று நினைக்கிற தோழர்கள் நம்மிடையேயும் உண்டு.

அந்தத் தோழர்களை நாம் ஒன்று கேட்கிறோம். எட்டு மணி நேரம் ரிங் பிரேமில் நின்றுவிட்டு வருகிற பெண், வீட்டுக்கு வந்து நாலு பேர் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தால் அதற்குப் பெயர் என்ன? களை எடுத்துவிட்டு, நாற்று நட்டுவிட்டு, இடுப்பு ஒடிய வரப்பேறி வருகிற பெண்ணுக்குக் கிணற்றடியில் காத்திருக்கும் சேற்றுத் துணி எந்தக் கூலிக் கணக்கில் சேர்கிறது? வீட்டு வேலை பெண்ணை நசுக்குகிறது, அந்தச் சுமையிலிருந்து அவளை விடுவிக்காத விடுதலை அரைகுறை விடுதலைதான் என்பதை லெனின் 1919லேயே அடித்துச் சொன்னார். துவைக்கிற மெஷின் அந்தச் சுமையில் ஒரு பங்கை இறக்கி வைக்கிறது. நமது பெண்கள் தவணை கட்டி, போனசைக் கொட்டி அதை வாங்குவது ஆடம்பரத்துக்கு அல்ல, அரைமணி நேரத் தூக்கத்துக்காக. அந்தத் தூக்கத்தைத்தான் இந்த எஸ்டிமேட் பறிக்கிறது.

காசில்லாத சோதனை முதலில்!

தண்ணீர் போகவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும்? இது பரம ரகசியம் அல்ல. காசு செலவாகாத சோதனையை முதலில் செய், காசு செலவாகிற சோதனையைக் கடைசியில் வை. இதுதான் நமது பிட்டர்களின் வரிசை. கம்பெனியின் வரிசை நேர் தலைகீழ்: விலை கூடிய சாமானில் ஆரம்பி!

எதற்கும் முன்னால், பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஈரத் தரையில், ஈரக் கையோடு கரண்டிடம் விளையாடக் கூடாது. வெந்நீரில் துவைக்கிற மெஷினாக இருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

முதலில் வெளியே போகிற ஓசைப் பாருங்கள். மெஷினுக்குப் பின்னால் சுவரோடு நசுங்கியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா? அதன் முனை எந்த உயரத்தில் இருக்கிறது? நம் வீடுகளில் அதிகம் இருக்கும் இரட்டைத் தொட்டி மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பம்ப் கிடையாது. பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி தானாக ஓட வேண்டும். ஓசைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் மாட்டினால் எந்த மெக்கானிக் வந்தும் பயனில்லை. கீழே இறக்கிப் போட்டால் முடிந்தது. மேலே மூடி திறக்கிற ஆட்டோமேட்டிக் மெஷின்களிலும் பல இந்த ரகம்தான். முன்பக்கம் கதவு உள்ள மெஷினுக்குப் பம்ப் உண்டு. அதன் ஓஸ் முனை இடுப்பளவு உயரத்தில் இருக்கலாம். அதற்கு மேலே போனால் பம்ப் தள்ளாது. கீழே தரையில் கிடந்தால் உள்ளே வருகிற தண்ணீரெல்லாம் தானாக வெளியே ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, பில்டர். மில் தொழிலாளி வீட்டு மெஷினில் பாதி நோய் இங்கேதான். நமது துணியில் ஒட்டி வருகிற பஞ்சுத் தூசி வேறெங்கே போகும்? வயல்காட்டுத் துணியில் மண்ணும் வைக்கோலும். சட்டைப் பையில் மறந்த காசு, ஊக்கு, பொத்தான், குழந்தையின் காலுறை. மாதம் ஒரு முறை பில்டரைத் திறந்து கழுவினால் பெரும்பாலான வீடுகளுக்கு மெக்கானிக் தேவைப்படாது. திறந்த கையோடு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சின்ன விசிறி ஒன்று தெரியும். குச்சியால் தள்ளினால் விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும்; அது பழுது அல்ல. அசையவே மறுத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது.

மூன்றாவது, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பம்ப் முனகுகிறது, தண்ணீர் போகவில்லை என்றால் அடைப்பு. சத்தமே இல்லை என்றால் ஒன்று பம்ப்பின் காயில் எரிந்திருக்கும், அல்லது அதற்குக் கரண்டு வரவில்லை. காயில் எரிந்ததா என்று எந்த வயர்மேனும் மல்டிமீட்டர் வைத்து ஒரே நிமிஷத்தில் சொல்வார். வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்ப்பார். எலிக்குக் கம்பெனி வித்தியாசம் தெரியாது.

பம்ப் இல்லாத மெஷின்களில் வேறு கதை. இரட்டைத் தொட்டியில் குமிழைத் திருப்பினால் ஒரு பட்டையோ கம்பியோ ரப்பர் வால்வைத் தூக்கிவிடும். பட்டை கழன்றாலும் அறுந்தாலும் வால்வு திறக்காது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இழுக்கிற வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்கிறது. வால்வின் வாயில் பஞ்சு அடைந்தாலும் இதே கதிதான்.

நான்காவது, சோப்புத் தூள். அளவுக்கு மேல் கொட்டினால் நுரை பொங்கும். பம்ப் தண்ணீருக்குப் பதிலாக நுரையையும் காற்றையும் உறிஞ்சித் திணறும். தண்ணீர் மட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு மெல்லிய காற்றுக் குழாய் உண்டு. அதன் வாயில் சோப்புக் கசடு ஏறினால், வெறும் தொட்டியைப் பார்த்துத் தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்று மெஷின் ஏமாந்து நிற்கும்.

இத்தனையும் பார்த்தபின் கடைசியில்தான் போர்டு! போர்டு பழுதாகவே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. ஆகும். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் நிச்சயம் ஆகும். ஆனால் கடைசிச் சந்தேகத்தை முதல் தீர்ப்பாக எழுதுவது எந்த ஊர் நியாயம்?

நோயைச் சொல்பவனே மருந்தும் விற்கிறான்!

நியாயம் வேறு, லாபம் வேறு. பில்டரைக் கழுவினால் கம்பெனிக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. போர்டை மாற்றினால் ஏழாயிரம். புதுசு விற்றால் இருபதாயிரம். பழுது என்ன என்று தீர்ப்புச் சொல்கிறவனும், அந்தத் தீர்ப்பில் சாமான் விற்கிறவனும் ஒருவனே என்றால், தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம்.

போர்டே பழுதானாலும் என்ன நடக்கிறது? பல சமயம் அதில் கெட்டுப்போவது ஒரு ரிலே, ஒரு கெப்பாசிட்டர் போன்ற சில்லறைச் சாமான். ஆனால் போர்டு முழுவதையும் பிசின் ஊற்றி மூடி வைத்திருக்கிறார்கள். ஈரம் படாமல் காக்க என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதே பிசின் மெக்கானிக்கின் கையையும் சேர்த்துத் தடுக்கிறது என்பதும் உண்மைதானே! முன்பக்கக் கதவு மெஷின்கள் பலவற்றில் உள்தொட்டியைப் பிரிக்க முடியாமல் ஒட்டியே விடுகிறார்கள். ஒரு பேரிங் தேய்ந்தால் தொட்டியோடு மாற்று என்கிறார்கள். நமது மில்லில் ஒரு பேரிங் போனால் பிரேமையே குப்பையில் எறிகிறோமா?

இது இன்று பிறந்த தந்திரம் அல்ல. 1924ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி 'பீபஸ்' என்ற பெயரில் ஒரு ரகசியக் கூட்டு அமைத்தன. பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு செய்தன. கூடுதலாக எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம் போட்டன! நல்ல சாமான் செய்தவனுக்குத் தண்டனை. ஏகபோகத்தின் தர்மம் இதுதான்.

நம் நாட்டிலும் சாட்சிக்குப் பஞ்சமில்லை. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் வெளி மெக்கானிக்குகளின் கையைக் கட்டிப்போட்டதற்காக, 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல்முறையீட்டுக்கு ஓடின. அமெரிக்காவில் டிராக்டரை ரிப்பேர் செய்யவிடாமல் விவசாயிகளைத் தடுக்கிறது என்று ஜான் டீர் கம்பெனி மீது 2025 ஜனவரியில் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையமே வழக்குத் தொடுத்தது. கார் ஆனாலும் டிராக்டர் ஆனாலும் துணி துவைக்கிற மெஷின் ஆனாலும் பூட்டு ஒன்றுதான். சாவி முதலாளியின் இடுப்பில்.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"பாதுகாப்புக்காகத்தான் வெளி ஆள் திறக்கக் கூடாது என்கிறோம்" என்கிறார்கள். கரண்டு ஆபத்தானது என்பதை நாம் மறுக்கவில்லை. மேலே முதல் வேலையாக அதைத்தான் சொன்னோம். அப்படியானால் எங்கே திறக்கலாம், எங்கே திறக்கக் கூடாது என்று தமிழில் தெளிவாக அச்சிட்டுக் கொடுப்பதுதானே பாதுகாப்பு? ஒளித்து வைப்பதா பாதுகாப்பு? ஓடும் மெஷினில் கை விட்டுப் பஞ்சை எடு, நிறுத்தினால் உற்பத்தி கெடும் என்று மில்லில் விரட்டும்போது முதலாளி வர்க்கத்தின் இந்தப் பாதுகாப்பு அக்கறை எந்த ஊருக்குப் போயிருந்தது?

"பழைய மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை" என்கிறார்கள். வருவதில்லையா, வரவிடுவதில்லையா? ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வாஷிங் மெஷினின் பம்ப் உள்ளிட்ட முக்கிய உதிரி பாகங்களை, அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் 10 வருஷத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பிரான்சில் அதே 2021ல், ஒரு மெஷினை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுக் கடையில் ஒட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். அங்கே முதலாளிகள் தர்மவான்கள் என்பதால் அல்ல. ஜனங்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் பத்து வருஷ ஸ்பேர் சாத்தியமாகிவிட்டது! சிங்காநல்லூரில் மட்டும் அது எப்படி அசாத்தியம்?

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஆராய 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டது. அதே வருஷம் டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்தது. நல்லது. ஆனால் இணையதளம் பில்டரைக் கழுவாது. கமிட்டி ஸ்பேர் கொண்டுவராது. மீறினால் தண்டனை உண்டு என்று எழுதாத எந்த உரிமையும் முதலாளியின் காதில் ஏறாது. இங்கே தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் ரேஷன் கார்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் என்று அ.தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. மெஷின் தருகிறோம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அது நின்றுபோனால் யார் ஓட வைப்பது என்று ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை.

யார் மீது கோபம்?

இங்கே ஒரு எச்சரிக்கை. எஸ்டிமேட் எழுதிய அந்தப் பையன் மீது பாய்வதில் பயனில்லை. நாம் அவனைத் தேடிப் போய்ப் பேசினோம். அவன் கம்பெனியின் ஆளே அல்ல, காண்டிராக்ட் ஆள். பார்க்கிற வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. நாளைக்கு இத்தனை வீடு, மாதத்துக்கு இத்தனை ரூபாய் ஸ்பேர் விற்றாக வேண்டும் என்று டார்கெட். பெட்ரோல் அவன் காசு. "பில்டரைக் கழுவிக் குடுத்துட்டு வந்தா எனக்கு ஒண்ணும் நிக்காதுங்கண்ணா" என்றான். ஐ.டி.ஐ. படித்தவன். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனும் அல்ல. கண்டுபிடித்தால் நஷ்டம் என்கிற இடத்தில் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். தொழிலாளியின் அறிவைத் தொழிலாளிக்கு எதிராகவே திருப்பிவிடுகிற வித்தை இது. அவனும் நம் வர்க்கம்தான். அவனும் நம் சங்கத்துக்கு வரவேண்டியவன்தான்.

நமது கோரிக்கைகள்

நாம் தானம் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமான் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒவ்வொரு மெஷினோடும் பழுது பார்க்கும் புத்தகமும் வயரிங் படமும் தமிழில் தர வேண்டும். உதிரி பாகங்களை, விலையை அச்சிட்டு, கேட்கிற எவருக்கும் குறைந்தது 10 வருஷம் விற்க வேண்டும். எஸ்டிமேட் எழுதினால், எந்தச் சோதனை செய்து இந்தப் பழுதைக் கண்டாய் என்று அதிலேயே எழுத வேண்டும்; மாற்றிய பழைய பாகத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். வெளி மெக்கானிக் திறந்தார் என்ற ஒரே காரணத்துக்காக காரண்டியை மறுக்கக் கூடாது. சர்வீஸ் தொழிலாளர்களுக்கு டார்கெட்டை ஒழித்து மாதச் சம்பளம், வேலை நிரந்தரம் தர வேண்டும். இதற்கெல்லாம் தண்டனையோடு கூடிய சட்டம் வேண்டும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? வேண்டாம். நமது சங்க ஆபீசில் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் ஒரு பெஞ்சு போடுகிறோம். ஒரு மல்டிமீட்டர், நாலு ஸ்க்ரூ டிரைவர், ஓய்வு பெற்ற இரண்டு பிட்டர்கள். அந்தச் சகோதரியும் வருகிறார். பில்டரைத் திறப்பது எப்படி என்று லைன் வீட்டுப் பெண்களுக்கு இப்போது அவர்தான் சொல்லித் தருகிறார். எஸ்டிமேட் எழுதிய பையனும் போன வாரம் வந்தான், டார்கெட் இல்லாத ஒரு காலை நேரம் வேலை பார்க்க. மற்ற ஊர்த் தோழர்களும், கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர்களும் இப்படி ஒரு பெஞ்சு போடுங்கள். மோட்டார் பம்ப்செட், மிக்சி, பேன் எல்லாவற்றுக்கும் அது உதவும். வருகிறவர்களிடம் மேலே சொன்ன கோரிக்கைகளில் கையெழுத்து வாங்குங்கள்.

அந்த ஒரு ரூபாய் நாணயத்தை ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறோம். வருகிறவர்களெல்லாம் எடுத்துப் பார்க்கிறார்கள். அதன் பக்கத்திலேயே ஏழாயிரத்து இருநூறு ரூபாய் எஸ்டிமேட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் முதலாளியின் லாபம். அதை விளக்க இதைவிடப் பெரிய பாடப் புத்தகம் வேண்டியதில்லை.

உழைத்து வாங்கிய சாமானைத் திறந்து பார்க்கும் உரிமை உழைப்பவனுக்கே! அதற்காக ஒன்று சேருவோம், போராடுவோம்!